பெயர் எவ்வளவு நீளமானாலும் ஒரு சொல்

என் பெயர் தர்ஷித். பொருள் கேட்காதீர்கள், வைத்தவர்களுக்கே தெரியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த எங்களுக்கெல்லாம் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். இன்று ஐம்பது வயதில், தொப்பையும் வழுக்கையுமாக அந்தப் பெயர்களைச் சுமந்துகொண்டு திரிகிறோம். நான் கோயம்புத்தூர் நிரல் அளவை அலுவலகத்தின் தலைமை அதிகாரி. வீட்டில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. நான் என் வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே என் மனைவி வைஷாலி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அது என்ன பெயர் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமலே கதையை முடித்துவிட முடியுமா என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

கணினி நிரல் எழுதாத ஆளே இப்போது கிடையாது. எழுதுவது என்றால் எழுத்தில் அல்ல. வண்ண வண்ணக் கட்டைகளைத் திரையில் இழுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினால் போதும், நிரல் தயார். குழந்தைகளுக்குக் கணினி சொல்லித்தர வந்த கட்டைகள்தான். குழந்தைகள் வளர்ந்தார்கள், கட்டைகளும் கூடவே வளர்ந்துவிட்டன. தண்ணீர் மோட்டார், வாசல் கதவு, பேட்டரி வண்டி, கடைசியில் மனித உடம்பில் மாட்டுகிற கருவிகள் வரை எல்லாம் கட்டைதான். அப்புறம் எங்கேயோ ஒரு மூச்சுக் கருவி தவறாக நடந்துகொண்டு ஓர் உயிர் போனது. விசாரித்தால், அதனுள் இருந்த நிரலை உலகத்தில் ஒருவர்கூட முழுதாகப் படித்ததில்லையாம். உடனே சட்டம் வந்தது. ஓர் ஆள் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய நிரலைத்தான் உடம்பில் மாட்டலாம். அதன் அளவு பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது.

பத்தாயிரம் என்ன என்று சட்டத்தில் எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் முன்னுக்கு வந்தேன்.

அந்தக் காலத்தில் நிரலை வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள், வரியை எண்ணினார்கள், வேலை முடிந்தது. கட்டைக்கு வரி ஏது? கட்டைகளையே எண்ணலாம் என்றார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு மலையையே ஒரு கட்டைக்குள் போட்டு மூடி, மேலே பச்சை வண்ணம் அடித்து, 'எங்கள் நிரலின் அளவு ஒன்று' என்று கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து தானே நேர்மையாக அடுக்கியவனுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. இது அநியாயம் என்று நான் ஆய்வேடு எழுதினேன். கட்டையைத் திற, அதற்குள் இருக்கும் கட்டையையும் திற, கண்ணில் படும் சொற்களை எல்லாம் எண்ணு, படிப்பவனின் சுமைதான் நிரலின் அளவு என்றேன். மாநாட்டில் சால்வை போர்த்தினார்கள். கட்டையில் எதுவும் நிரப்பாமல் விட்ட குழி இருந்தால் அதற்குப் பத்துச் சொல் என்று கணக்கிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அதில் யார் எதை நுழைப்பார்களோ தெரியாது என்றேன். அதற்குத் தனியாகக் கைதட்டினார்கள். நான் சால்வையோடு நிற்கும் புகைப்படத்தை வரவேற்பறையில் மாட்டினேன், வைஷாலி அதைக் கழற்றித் துணிக்கொடி இருக்கும் பக்கம் மாட்டினாள்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். சொல் என்றால் என்ன? இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நிற்பது சொல் என்று வைத்திருந்தேன். நம் ஊர்க்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 'சாப்பிட்டு முடித்தார் என்றால் மாத்திரை கொடு' என்று இருந்த கட்டைகள் 'சாப்பிட்டுமுடித்தாரென்றால்மாத்திரைகொடு' என்று மாறி வந்தன. ஐந்து சொல் ஒரே சொல்லாகிவிட்டது. ஜெராக்ஸ் கடைகளில் 'இங்கு நிரல் சுருக்கித் தரப்படும்' என்று பலகை தொங்கியது. சில கடைகளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களை வேலைக்கு வைத்தார்கள்.

வைஷாலியும் தமிழாசிரியை. அன்று பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தாள்.

"இருபது வருசமா புணர்ச்சி விதியைக் கத்திக் கத்திச் சொல்லிக் குடுக்கறேன், ஒருத்தன் காதுல வாங்கல. நீ ஒரு ரூல் போட்ட, இப்ப அப்பாக்காரங்கெல்லாம் ட்யூஷன் கேட்டு வந்து நிக்கறாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சேர்த்து எழுதியதை எல்லாம் வெட்டிப் பிரிக்க ஓர் இயந்திரம் செய்தேன். பதப்பிரிப்பான் என்று பெயரும் வைத்தேன். அது ஈவு இரக்கம் பார்க்காமல் எல்லாவற்றையும் பிரித்தது. பெரியநாயக்கன்பாளையத்துக்காரர்கள் ஊர்வலமாக வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயரை மூன்றாக வெட்டுகிறது, உக்கடத்துக்காரனுக்கு ஒன்றுதான் வருகிறது, இது என்ன நியாயம் என்றார்கள். வைஷாலி சொல்லச் சொல்ல ஒரு துணைவிதி எழுதினேன். 'ஆள், ஊர் ஆகியவற்றின் பெயர் எவ்வளவு நீளமானாலும் ஒரு சொல். அது பெயர்தான் என்று அளவை அதிகாரி சான்றளிக்க வேண்டும்.' இதோடு நியாயம் முழுமையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதப்பிரிப்பான் வந்த பிறகு தமிழில் அடுக்கிய நிரல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஊதிப் பெருத்தன. எத்தனையோ பேர் எல்லையைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவர் நிலோஃபர், வைஷாலியின் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவர் மேல்முறையீடு செய்திருந்தார். அலுவலகத்தில் நான் அதை ஓரமாக வைத்திருந்தேன். வைஷாலி அதை வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டாள்.

நிலோஃபரின் கணவர் ஜாபர் காய்கறி மண்டியில் ஏலம் கூறியவர். தக்காளிக் கூடை முன்னால் நின்று அவர் குரல் கொடுத்தால் மண்டியின் அடுத்த வாசலில் இருப்பவன் விலை கேட்பானாம். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தொண்டையிலிருந்து ஆ, ஈ, ஓ என்று ஒலி வரும், அவ்வளவுதான். "உயிரெழுத்து மிஞ்சிடுச்சு, மெய்யெழுத்து போயிடுச்சு" என்றாள் வைஷாலி. கழுத்தில் ஒரு பேசுகருவி மாட்டியிருந்தார்கள். அது அந்த ஒலியைக் கேட்டு, கண் போகும் திசையைப் பார்த்து, சூழ்நிலையையும் கவனித்து, அவர் சொல்ல வந்ததை அவருடைய பழைய குரலிலேயே சொல்லும். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்கிற நிரல் முழுவதையும் நிலோஃபர் தன் கையால், கட்டை கட்டையாக அடுக்கியிருந்தார். பதப்பிரிப்பான் கணக்குப்படி அதன் அளவு பத்தாயிரத்து ஒன்பது. திங்கட்கிழமைக்குள் குறைக்காவிட்டால் அதை அழித்துவிட்டு, அனுமதி பெற்ற ஆயத்த நிரலைப் போட்டுவிடுவார்கள். அதன் பெயர் இன்சொல். மரியாதையாகப் பேசும், சின்னது. மரியாதைக்கு அதிகச் சொல் தேவைப்படாது அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஜன்னலில் பெரியகுளம் தெரிந்தது. ஜாபர் அதைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, இடது கை மட்டும் நாற்காலிச் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிலோஃபர் டீ கொண்டுவந்து வைத்தார். ஜாபர் டீயைப் பார்த்து ஏதோ ஒலி எழுப்பினார். கழுத்திலிருந்து கணீரென்று ஒரு குரல், "சக்கரை போட மறந்துட்டே" என்றது. நான் திடுக்கிட்டுக் கொஞ்சம் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

துடைத்துக்கொண்டே என் உரையைத் தொடங்கினேன். அளவை என்பது ஏன் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், படிப்பவனின் சுமை என்றால் என்ன, வெற்றுக் குழிக்கு ஏன் பத்து என்று, மாநாட்டில் பேசியதைக் கிட்டத்தட்ட அப்படியே பேசினேன். நடுவில் ஜாபர் என்னைப் பார்த்து, "எ... இ... ஆ... ஈ... அ" என்றார். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கியது.

"அது ஒண்ணுமில்லைங்க சார், பாடம் சொல்றாரு" என்றார் நிலோஃபர். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் உயிரெழுத்துகளைச் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறாராம். ஜாபருக்கு எழுத்தெல்லாம் வருகிறதாம், வரிசைதான் தப்பாக வருகிறதாம்.

சுவர்த் திரையில் நிரலைத் திறந்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஒன்பது சொல்தானே, ஐந்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று எண்ணம்.

படிக்க ஆரம்பித்தேன். தட்டில் உப்புமா இருந்து, 'ஆ' என்றால்: "எனக்குப் பசிக்கல." தட்டில் பிரியாணி இருந்து, அதே 'ஆ' என்றால்: "இன்னும் கொஞ்சம்." மின்சாரம் போய், 'அ-அ-ஈ' என்றால்: "அடச்சீ." நிலோஃபரின் அண்ணன் வந்து வெகு நேரம் ஆன பிறகு, வாசலைப் பார்த்தால்: "பஸ் போயிடும், கெளம்புங்க." மழை வரும்போது ஜன்னலைப் பார்த்தால்: "தக்காளி வெலை ஏறும்." இப்படியே போனது. படிக்கப் படிக்க அந்த ஆளே எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எதை வெட்டுவது? உப்புமாவையா, மழையையா?

கடைசிப் பக்கங்களில் ஒன்றில் ஒரு கட்டை அகப்பட்டது. 'விளக்கை அணைத்த பிறகு இ-ஓ என்றால்: இயந்திரம் எதுவும் பேச வேண்டாம்.' எனக்குப் பரம சந்தோஷம். வேலையே செய்யாத கட்டை, இதை எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்றேன்.

நிலோஃபர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேலை செய்யற கட்டைதாங்க சார் அது. என்னை அவரு நிலோன்னுதான் கூப்பிடுவாரு. அதை எடுத்தா மெஷின் நடுவுல பூந்து பேசும். எனக்கு அவரு சொல்றதே கேக்குது."

இருபத்தைந்து வருடம் நிரல்களை அளந்தவன் நான். பேசாமல் இருப்பதற்கும் சொல் செலவாகும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு வேறு வழி தேடினேன்.

வழி இருந்தது. எதிலும் மாட்டாமல் திரையின் ஓரத்தில் தனியாக ஒரு கட்டை கிடந்தது. 'எ-இ-ஆ-ஈ-அ என்றால்:' என்று எழுதி, பக்கத்தில் வெற்றுக் குழி. பத்துச் சொல்! என் சொந்தக் கண்டுபிடிப்பு அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்து இளித்தது. பாடம் சொல்வதற்கு எதற்குக் கட்டை, அழித்துவிடுங்கள் என்றேன்.

மாட்டேன் என்றார். பாடம் என்றுதான் பயிற்சிக்காரர் சொல்கிறார், தனக்கு அது முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, அது வேறு ஏதாவதாக இருந்தால் என்ன செய்வது என்றார். சரி, அப்படியானால் அந்தக் குழியில் சும்மா 'ம்' என்று போட்டுவிடுங்கள், ஒரு சொல்தான், மொத்தம் சரியாகப் பத்தாயிரம் வரும், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

"அவரு சொல்றதை நான் அழிக்கவும் மாட்டேன், சொல்லாததை அவரு வாயில வைக்கவும் மாட்டேன்" என்றார் நிலோஃபர். "போன மாசம் ஒரு வாரம் அந்த இன்சொல்லைப் போட்டுப் பாத்தாங்க. தண்ணி குடுத்தேன், 'மிக்க நன்றி'ன்னுச்சு. கல்யாணம் ஆன நாளா இவரு எனக்கு நன்றி சொன்னதே இல்லைங்க. யாரோ வேத்து ஆளு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. சமையல்ரூம்ல போய் அழுதேன். இவரும் அந்த வாரம் பூரா வாயையே தொறக்கல."

ஜாபரைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்தார். இளகியிருக்க வேண்டிய நேரம். என்னைப் போன்றவர்கள் அந்த நேரத்தில்தான் விதியைப் பேசுவோம். தனிப்பட்ட முறையில் எனக்கு வருத்தம்தான் என்றாலும், ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும், அளவை என்பதன் அடிப்படையே அதுதான் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"எ... இ... ஆ... ஈ... அ."

இந்த முறை அவர் நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அந்த ராகம் எனக்கு எங்கேயோ பழக்கமாக இருந்தது. முதல் எழுத்தில் ஓர் அழுத்தம், நான்காவதில் ஓர் இழுப்பு, கடைசியில் இவனிடம் பேசி என்ன பயன் என்கிற மாதிரி ஓர் இறக்கம். இருபத்தைந்து வருடமாக என் வீட்டில், தோசைக் கரண்டிச் சத்தத்தோடு, மெய்யெழுத்துகளும் சேர்ந்து நான் கேட்டுவருகிற ராகம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. யார் யார் வரும்போது இவர் இந்தப் பாடத்தைச் சொல்வார் என்று நிலோஃபரைக் கேட்டேன். அவர் யோசித்தார். கருவிக் கம்பெனி ஆள் வந்தபோது சொன்னாராம். அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் வந்தபோது சொன்னாராம். தாலுகா அலுவலகத்தில் இருக்கும் அண்ணன் வந்தால் கட்டாயம் சொல்வாராம். டிவி செய்தியில் யாராவது திட்டம் ஒன்றை விளக்கினால் இரண்டு தடவை சொல்வாராம்.

"நானும் பக்கத்துல உக்காந்து, அப்பிடி இல்லைங்க, அ ஆ இ ஈன்னு வரிசையாச் சொல்லுங்கன்னு திருத்துவேன் சார். அவருக்குக் கோவம் வரும்."

மென்று விழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. ஜாபரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"வெட்டி ஆபீசர்?"

அவர் இடது கை நாற்காலிச் சட்டத்தில் பட்டென்று விழுந்தது. ஏலம் முடிந்தது என்று மண்டியில் அப்படித்தான் தட்டுவாராம். அப்புறம் அவர் சிரித்தார். சிரிப்புக்கு மெய்யெழுத்து தேவையில்லை, அது முழுசாக வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, என்னைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

நிலோஃபர் சிரிக்கவில்லை. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"மண்டிப் பேச்சு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கல்யாணம் ஆன புதுசுல நான்தான் சொன்னேன். அதனால எனக்கு அவரோட இந்தப் பேச்சே தெரியாமப் போச்சு. இத்தனை மாசமா மனுசன் பேசிட்டு இருந்திருக்காரு, நான் பாடம் நடத்திட்டு இருந்திருக்கேன்."

ஜாபர் ஏதோ ஒலித்தார். "விடு, டீயைக் குடி" என்றது கருவி. நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் போனார். அந்தக் குழியில் 'வெட்டி ஆபீசர்' என்று நிரப்பி, கட்டையை இழுத்து மற்றவற்றோடு மாட்டினார். டக் என்று பொருந்தியது.

அளவு: பத்தாயிரத்து ஒன்று.

மூவரும் அந்த எண்ணைப் பார்த்தோம். இரண்டு சொல். நான் முன்னால் போய் இடைவெளியை எடுத்துவிட்டு 'வெட்டியாபீசர்' என்று சேர்த்தேன். பதப்பிரிப்பான் ஒரு கணம்கூட யோசிக்காமல் அதை 'வெட்டி', 'ஆபீசர்' என்று இரண்டாக நறுக்கியது. எவ்வளவு திறமையாகச் செய்திருக்கிறேன் பாருங்கள். வெறும் 'வெட்டி' போதுமா என்று ஜாபரைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் அந்த யோசனையை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை இந்தக் குரல் போய்விடும். சக்கரை மறந்ததையும், தக்காளி விலையையும், விளக்கணைத்த பிறகு வருகிற அந்த இரண்டு எழுத்தையும் ஒரே ஒரு சொல்லுக்காக வழித்தெடுத்துவிட்டு, மிக்க நன்றி சொல்கிற ஒருவனைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அதற்குக் காரணமான விதி ஒவ்வொன்றும் நியாயமானது, ஒவ்வொன்றையும் நான்தான் எழுதினேன்.

அப்போதுதான் பெரியநாயக்கன்பாளையம் நினைவுக்கு வந்தது.

சான்றுப் பக்கத்தைத் திறந்தேன். 'இச்சொல் ஆளின் அல்லது ஊரின் பெயர்' என்பதில் ஆள் என்று தேர்ந்தெடுத்தேன். அடுத்த கேள்வி, 'அப்பெயர் குறிக்கும் ஆள் யார்?' கட்டாயம் நிரப்ப வேண்டும். வெற்றாக விடக் கூடாது என்று அடம்பிடித்தவனும் நான்தான். கம்பெனி ஆளின் பெயரைப் போடலாமா, தாலுகா அண்ணன் பெயரைப் போடலாமா என்று சபலம் தட்டியது. பிறகு எழுதினேன்: முனைவர் தர்ஷித், தலைமை அளவை அதிகாரி, கோயம்புத்தூர். கையெழுத்துக்கு விரலை வைத்தேன். பொய்ச் சான்று என்று யாராவது வழக்குப் போட்டால் வைஷாலி சாட்சி சொல்ல ஓடி வருவாள்.

பதப்பிரிப்பான் 'வெட்டியாபீசர்' என்பதைத் தொட்டுப் பார்த்தது, சான்றைப் படித்தது, வெட்டாமல் விட்டுவிட்டது. அளவு பத்தாயிரம். திரை பச்சையானது. நிலோஃபர் என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தவர், தயங்கி, இன்னொரு டீ போடுகிறேன் என்றார். இந்தத் தடவை சக்கரையோடு.

டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி வண்டியை எடுக்கப் போனேன். நாளை அலுவலகத்தில் அந்தச் சான்றை எல்லோரும் படிப்பார்கள், பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி நாடு முழுவதும் எந்த நிரலில் இந்தச் சொல் வந்தாலும் பதப்பிரிப்பான் அதை என் பெயராகவே எடுத்துக்கொள்ளும். அதை நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, மண்டியின் அடுத்த வாசல்வரை கேட்கிற குரலில், கணீரென்று ஓர் அழைப்பு வந்தது. தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"வெட்டியாபீசர்."

நான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத்தானே வேண்டும்.